எத்தனை ஹேர்ட்ஸில் கலை வரும்?

கிளிநொச்சியில் நான் உயர்தரப் பௌதிகவியல் படிப்பிக்கிற கொட்டிலில் கடைசி வாங்குக்கு என்று ஒரு குணம் உண்டு. அங்கே இருப்பவர்கள் எப்போதும் பாடத்தைவிடச் சுவையான ஏதோ ஒன்றில் மூழ்கியிருப்பார்கள். ஒரு பரீட்சைக் காலத்தில் அந்த வாங்கில் இருந்த இருவர் ஒரே இயர்போனைப் பங்குபோட்டு, ஆளுக்கொரு காதில் செருகிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்கள். பாட்டுக் கேட்கிறார்கள் என்று நினைத்துக் கிட்டப் போனேன். பாட்டில்லை.

"சேர், இது தீற்றா அலை. ஆறு ஹேர்ட்ஸ். பத்து நிமிடம் கேட்டால் மனம் அடங்கும், படித்ததெல்லாம் உள்ளே இறங்கும்" என்றான் ஒருவன்.

ஆறு ஹேர்ட்ஸ் என்றால் செக்கனுக்கு ஆறு துடிப்பு; தீற்றா என்பது உறக்கத்தின் வாசலில் மூளையில் எழும் மெதுவான அலை. வாங்கிக் கேட்டேன். வயலுக்கு அப்பால் தண்ணீர்ப் பம்பி ஓடுவதுபோல ஒரு மெல்லிய ரீங்காரம், அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வகை ஒலிப்பதிவில் இடக்காதுக்கு ஒரு சுரம், வலக்காதுக்கு அதிலிருந்து சற்றே விலகிய இன்னொரு சுரம் போகும். இரண்டும் ஒரே தலைக்குள் சந்தித்தால்தான் அந்த ஆறு ஹேர்ட்ஸ் பிறக்கும். இவர்களில் ஒருவனுக்கு இடப்பக்கச் சுரம் மட்டும், மற்றவனுக்கு வலப்பக்கச் சுரம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் தேடிய ஆறு ஹேர்ட்ஸ் இரண்டு தலைக்கும் போகாமல் நடு வாங்கில் கிடந்தது.

ஆனால் இருவருக்கும் மனம் அடங்கியது. அதை அவர்கள் பொய்யாகச் சொல்லவில்லை. நானும் அன்றிலிருந்து இதைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன்.

அடிப்பு என்பது எங்கள் பாடத்தில் பழைய சங்கதி. 256 ஹேர்ட்ஸ் இசைக்கவையையும் 260 ஹேர்ட்ஸ் இசைக்கவையையும் ஒன்றாகத் தட்டி மேசையில் ஊன்றினால் ஒலி ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும். செக்கனுக்கு நான்கு தடவை. இரண்டு மீடிறன்களின் வித்தியாசம்தான் அடிப்பின் மீடிறன். (தமிழ்நாட்டில் அதிர்வெண் என்பார்கள், நமக்கு மீடிறன்.) ஒரு கவையின் புயத்தில் துளி மெழுகை ஒட்டினால் அதன் மீடிறன் குறையும், அடிப்பும் மாறும். எந்தக் கவைக்கு மீடிறன் கூட என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லி வினாத்தாளில் கேட்பார்கள். தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவர் இந்தக் கணக்கு எதுவும் இல்லாமலே இதே வேலையைச் செய்கிறார். நாதம் தவித்துக்கொண்டிருந்தால் சேரவில்லை, தவிப்பு ஓய்ந்தால் சேர்ந்துவிட்டது.

இந்த அடிப்பு காற்றிலேயே நிகழ்ந்துவிடுகிறது. காது அதைக் கேட்க மட்டுமே செய்கிறது. பிரஷ்ய நாட்டுப் பௌதிகவியலாளர் ஹைன்ரிஹ் வில்ஹெல்ம் டோவ் 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு குறும்பான கேள்வியைக் கேட்டார். இரண்டு சுரங்களையும் காற்றில் கலக்க விடாமல், ஒன்றை இடக்காதுக்கு மட்டும், மற்றதை வலக்காதுக்கு மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? கலக்க இடமே இல்லை, ஆகவே அடிப்பும் வரக்கூடாது. வந்தது. மெலிதாக, தலைக்கு நடுவே எங்கோ இருந்து.

அது எப்படி வருகிறது என்பது இப்போது ஓரளவு தெளிவு. இரண்டு காதுகளிலிருந்தும் வரும் செய்திகள் முதன்முதலாகச் சந்திக்கும் இடம் மூளைத்தண்டில் இருக்கிறது. ஒலிவக் காயின் பெயரால் வழங்கும் ஒரு சிறிய நரம்புக் கூட்டம். அதன் அன்றாட வேலை திசை காண்பது. இடப்பக்கத்தில் சுள்ளி முறிந்தால் அந்தச் சத்தம் இடக்காதை முதலில் தொடும். தலையைச் சுற்றி வலக்காதுக்குப் போய்ச் சேர மில்லிசெக்கனுக்கும் குறைவான நேரம் கூடுதலாக எடுக்கும். அந்த மிகச் சிறிய பிந்தலை அளந்துதான் சத்தம் எந்தப் பக்கம் என்று நமக்குத் தெரிகிறது.

2008, 2009ஆம் ஆண்டுகளின் இறுதிப்போரை வன்னியில் கடந்து வந்தவர்களுக்கு இந்த உறுப்பின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. எந்தப் பக்கத்திலிருந்து செல் (எறிகணை) குத்துகிறார்கள், வருவது எங்களை நோக்கியா, தலைக்கு மேலால் தாண்டிப் போகிறதா என்பதைப் பதுங்கு குழிக்குள் குதிக்க இருந்த அவகாசத்துக்குள் அது கணக்குப் பார்த்துச் சொன்னது. பாலர் வகுப்புப் பிள்ளைகள்கூடச் சரியாகச் சொன்னார்கள்.

அப்படிப்பட்ட திசைகாட்டிக்கு இடப்பக்கம் 200, வலப்பக்கம் 206 ஹேர்ட்ஸ் என்று இரண்டு சுரங்களைக் கொடுத்தால் அது தடுமாறுகிறது. இரண்டு அலைகளுக்கும் இடையிலான அவத்தை வித்தியாசம் (ஒன்றுக்கொன்று எவ்வளவு முந்திப் பிந்தி வருகிறது என்பது) ஓரிடத்தில் நில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. வித்தியாசம் மிகச் சிறிதென்றால் சத்தம் தலைக்குள் இப்பக்கமும் அப்பக்கமும் உலாவுவதுபோல இருக்கும். கொஞ்சம் கூடினால் துடிப்பாகக் கேட்கும். சுரங்கள் ஏறத்தாழ 1000 ஹேர்ட்ஸைத் தாண்டினாலும், வித்தியாசம் 30 ஹேர்ட்ஸ் அளவைக் கடந்தாலும் இந்த வித்தை பலிக்காது. நரம்புகளால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. கைத்தொலைபேசியின் ஒற்றை ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டாலும் பலிக்காது. அப்போது கேட்பது காற்றில் கலந்த சாதாரண அடிப்பு.

ஆறு ஹேர்ட்ஸ்தான் வேண்டுமென்றால் அதை நேரடியாகவே ஒலிக்கவிடலாமே என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. மனிதக் காதின் கீழெல்லை ஏறத்தாழ 20 ஹேர்ட்ஸ். அதற்குக் கீழே எங்களுக்குச் சுரம் என்று ஒன்று இல்லை. யானைகளுக்கு இருக்கிறது. ஆசிய யானைகள் 14 முதல் 24 ஹேர்ட்ஸ் வரையான ஒலியில் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன என்று கேற்றி பெய்ன் என்ற ஆய்வாளர் 1980களில் கண்டறிந்தார். ஒட்டுசுட்டான் பக்கம் வேலிக்கு வெளியே நடக்கும் அந்த உரையாடலில் பெரும்பகுதி எங்களுக்குக் கேட்காது; வாழை முறிகிற சத்தம்தான் கேட்கும்.

சரி, இந்தத் துடிப்புக்கும் மனத்தின் நிலைக்கும் எப்படி முடிச்சு விழுந்தது? ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பேர்கர் 1924இல் மனிதத் தலையின் மேலிருந்து மின்னலைகளைப் பதிவு செய்து 1929இல் வெளியிட்டார். கண்ணை மூடி ஓய்ந்திருப்பவரின் மண்டையில் செக்கனுக்கு 8 முதல் 13 வரையான அலைகள் அழகாக எழுந்தன. அவற்றுக்கு அல்பா என்று பெயர். விழிப்பும் பரபரப்பும் 13க்கு மேல், அது பீற்றா. உறக்கத்தின் வாசல் 4 முதல் 8 வரை, அது தீற்றா. ஆழ்ந்த உறக்கம் 4க்குக் கீழே, அது டெல்ரா. 30க்கு மேல் காமா. இதெல்லாம் அளந்து கண்டவை.

அதன்பிறகு ஒரு தாவல் நடந்தது. உறங்கும் மூளையில் மெதுவான அலை இருக்கிறதென்றால், மெதுவான அலையை வெளியிலிருந்து ஊட்டினால் மூளை உறங்கும் என்றார்கள். காய்ச்சல்காரரின் வாயில் வெப்பமானியை வைத்தால் ரசம் ஏறுவது உண்மை. வெப்பமானியைச் சுடுதண்ணீரில் தோய்த்து எடுத்தால் யாருக்கும் காய்ச்சல் வருவதில்லை. மூளையலை எந்த அளவுக்கு வெப்பமானி, எந்த அளவுக்குக் காய்ச்சல் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் வழக்கு முடியவில்லை. ஒலியை விற்பவர்கள் தீர்ப்பை முன்கூட்டியே எழுதிவிட்டார்கள்.

முதலில் எழுதியவர்களில் ஒருவர் றொபேர்ட் மன்றோ. அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் வானொலித் தொழில் செய்தவர். தன் உயிர் உடலை விட்டு வெளியே போய்வருவதாக நம்பியவர். ஒலியால் மனிதரைத் தூக்கத்தின் பல படிகளுக்கு இட்டுச்செல்லும் முறைக்கு 1975இல் காப்புரிமை பெற்றார். அவருடைய பயிற்சியை ஆராய்ந்து அமெரிக்க இராணுவத்தின் வேய்ன் மக்டொனெல் என்ற அதிகாரி 1983இல் எழுதிய அறிக்கை, பின்னாளில் சி.ஐ.ஏ.யின் ஆவணங்களோடு வெளியே வந்தது. யூரியூப்பில் "உளவுத்துறை மறைத்த இரகசிய மீடிறன்" என்று வரும் காணொளிகளுக்கெல்லாம் மூலக்கிணறு அதுதான். அறிக்கையின் 25ஆம் பக்கம் நெடுநாள் காணாமற்போயிருந்ததும் கதைக்கு உரமானது. ஒரு இராணுவ அதிகாரி ஒரு விஷயத்தைப் பற்றி அறிக்கை எழுதினார் என்பதிலிருந்து அந்த விஷயம் உண்மை என்று முடிவுகட்டும் பழக்கம் வன்னியில் வாழ்ந்த எங்களுக்கு வரக்கூடாதது.

மன்றோவுக்குச் சற்று முன்பே, 1973இல், ஜெரால்ட் ஒஸ்டர் என்ற உயிர்ப்பௌதிகவியலாளர் சயன்டிபிக் அமெரிக்கன் இதழில் இரட்டைக் காது அடிப்பைப் பற்றி விரிவாக எழுதியிருந்தார். அவருக்கு ஞானநிலையில் அக்கறை இருக்கவில்லை. செவிப்புலன் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கவும், சில நரம்பு நோய்களை அறியவும் இது ஒரு கருவியாகலாம் என்பதே அவர் வாதம். பார்க்கின்சன் நோயாளர்களில் சிலருக்கு இந்த அடிப்பு கேட்பதில்லை என்பதையும் கவனித்திருந்தார். இன்று அவர் பெயரைச் சொல்லி விற்கப்படும் பொருளைக் கண்டால் என்ன சொல்வாரோ.

இப்போது சான்றுக்கு வருவோம். 2005இல் வெளியான ஒரு மருத்துவமனை ஆய்வில், சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்த 108 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். இரட்டைக் காது அடிப்புள்ள ஒலியைக் கேட்டவர்களின் பதற்றம் 26.3 வீதம் குறைந்தது. அடிப்பு இல்லாத அதே ஒலியைக் கேட்டவர்களுக்கு 11.1 வீதம், எதுவும் கேட்காதவர்களுக்கு 3.8 வீதம். 2019இல் 22 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்களும் பதற்றம், வலி, கவனம் ஆகியவற்றில் நடுத்தர அளவான பலன் இருப்பதாகச் சொன்னார்கள். ஆகவே எல்லாம் வெறும் புளுகு என்று தள்ளிவிட முடியாது.

அந்தப் பலன் எந்த வழியால் வருகிறது என்பதில்தான் சிக்கல். ஆறு ஹேர்ட்ஸைக் கொடுத்தால் மூளையும் ஆறு ஹேர்ட்ஸுக்கு இறங்குகிறதா என்பதை மின்னலைப் பதிவால் நேரடியாகச் சோதித்த 14 ஆய்வுகளை 2023இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஐந்து ஆய்வுகள் ஆம் என்றன. எட்டு அதற்கு மாறாகச் சொன்னன. ஒன்று இரண்டுங்கெட்டான். 2020இல் வந்த இன்னொரு சோதனையில், காற்றில் கலந்த சாதாரண அடிப்பே இரட்டைக் காது அடிப்பைவிட மூளையை வலுவாகப் பின்தொடர வைத்தது. இரண்டுமே கேட்பவரின் மனநிலையை மாற்றவில்லை. மூளை ஒலியைப் பின்தொடர்வது நடக்கிற காரியம்தான். செக்கனுக்கு 40 தடவை துடிக்கும் ஒலிக்கு மூளை நன்றாக ஈடுகொடுக்கும் என்பது 1981இலிருந்து தெரியும். இதைவிட வேகமாகத் துடிக்கும் ஒலிக்கு மூளை தரும் இதே வகைப் பதிலை வைத்து, பேசத் தெரியாத குழந்தைகளின் கேள்திறனைக்கூட அளக்கிறார்கள். அந்தக் குழந்தைகள் யாரும் பரவசமடைவதில்லை.

இன்னொரு பக்கம், 'ஒலிப் போதை' என்ற பயம். 2010இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் ஒரு பாடசாலை இதற்காகப் பெற்றோருக்குக் கடிதமே அனுப்பியது. 2021இல் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் எடுத்த உலகளாவிய போதைப்பொருள் கருத்தாய்வில், முந்தைய ஆண்டில் இந்த ஒலியைப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் 5 வீதமளவில். அவர்களுள் பத்தில் ஏழு பேர் ஓய்வுக்கும் தூக்கத்துக்கும் கேட்டவர்கள். போதைக்கு மாற்றாகத் தேடியவர்கள் எட்டில் ஒருவர்கூட இல்லை. என் கடைசி வாங்குக்காரர்களை நினைத்துப் பெற்றோர் பயப்பட வேண்டிய விஷயம் அதன் சத்தஅளவு மட்டும்தான். வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக்கூடாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இனி, இதையெல்லாம் வாசிக்கும்போது என் தலைக்குள் விடாமல் ஒலித்துக்கொண்டிருந்ததற்கு வருகிறேன்.

நான் முள்ளியவளைக்காரன். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் எங்களுக்கு ஆண்டின் நடுநாள் மாதிரி. முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோவிலில் அந்த உப்பு நீரில் விளக்கேற்றி, ஏழாம் நாள் நந்திக்கடலோரம் வற்றாப்பளைக்குக் கொண்டுபோவார்கள். வழிநெடுகப் பறை. சிறுவயதில் அந்தக் கூட்டத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வைக்கோலைக் கொளுத்தி அந்தத் தீயில் தோலைக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, போதாது என்று மறுபடி காட்டுவார்கள். பிறகு அடி தொடங்கும். முதலில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் கூட்டத்தின் ஓரத்தில் ஒரு பெண்ணின் தோள் மட்டும் துடிக்கும். அவரது கொண்டை அவிழும். பக்கத்தில் நிற்பவர்கள் விலகி இடம் விடுவார்கள், ஒருவர் வேப்பிலையை நீட்டுவார். கலை வந்துவிட்டது, அம்மன் அவர்மேல் உருவேறிவிட்டாள்.

இதற்கு ஒரு மீடிறன் உண்டா? உண்டு என்றார் அன்ட்ரூ நீயர். 1961, 1962இல் அவர் எழுதிய கட்டுரைகளின் வாதம் இதுதான்: சடங்குகளில் மேளத்தின் அடிகள் மூளையலைகளின் வேகத்தை, குறிப்பாகத் தீற்றாவின் எல்லையை, ஒட்டி வருகின்றன. மேளத்தின் தாழ்ந்த ஒலி காதைப் புண்படுத்தாமல் பெருஞ்சக்தியை மூளைக்குள் ஏற்றுகிறது. அதனால் உருவேறுகிறது. மூளையலைச் சந்தைக்காரர்கள் இன்றும் மேற்கோள் காட்டுவது இவரைத்தான். நானும் ஒரு பொங்கலன்று கைத்தொலைபேசியில் பறையைப் பதிந்து, வீட்டுக்கு வந்து அலைவடிவத்தை விரித்து எண்ணிப்பார்த்தேன். நிதானமான நடையில் செக்கனுக்கு நான்கைந்து அடி, ஏறும்போது ஏழு வரை. நீயர் சொன்ன எல்லைக்குள் அச்சாக விழுந்தது. ஒரு நாள் முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

மறுவாரம் ஒரு செத்தவீட்டுக்குப் போனேன். அங்கேயும் பறை. அதே தோல், அதே வைக்கோல் தீ. அடிக்கும் முறை வேறுதான், ஆனால் வேகம் அதே எல்லைக்குள்தான். பதிந்து எண்ணினேன். செத்தவீட்டுப் பறைக்கு யாருக்கும் கலை வருவதில்லை. வற்றாப்பளையில் கலை வந்து ஆடிய பெண்ணே அங்கே கதிரையில் இருந்து பிளாஸ்டிக் கோப்பையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

பிரெஞ்சு இசையியலாளர் ஜில்பேர் றூஜே நீயரை மறுத்தது ஏறக்குறைய இதே இடத்தில்தான். நீயர் சொல்வது சரியென்றால் ஆப்பிரிக்காவில் பாதிப் பேர் ஆண்டு முழுவதும் உருவேறித் திரிய வேண்டுமே என்று கேலி செய்தார். பல நாட்டுச் சடங்குகளைப் பார்த்து அவர் சொன்ன இன்னொன்றும் எனக்கு முக்கியமாகப் பட்டது: பெரும்பாலும் உருவேறுபவர் வாத்தியம் வாசிப்பதில்லை, வாசிப்பவருக்கு உருவேறுவதில்லை. மேளத்தின் பக்கத்தில், காதும் மார்பும் அதிர நிற்பவர் அடிப்பவர்தானே? மீடிறன்தான் காரணம் என்றால் முதலில் விழ வேண்டியவர் அவர்.

முப்பது ஆண்டுக்கு மேலாகப் பறை அடிக்கும் ஒருவரிடம் இதைக் கேட்டேன்.

"அண்ணை, உங்களுக்கு ஒருநாளும் கலை வந்ததில்லையா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்குக் கலை வந்தால் பறையை யார் தம்பி அடிப்பது?"

ஆடுபவரின் காலைப் பார்த்து அடியை இறுக்குவதும் தளர்த்துவதும் அவர் வேலை. யாருக்கு எப்போது ஏறும், யார் சும்மா ஏறியதுபோல நிற்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிகிறது. (அப்படித் தெரிந்தவர்களை இந்த ஊர் இத்தனை காலமும் எங்கே நிறுத்திவைத்தது என்பது வேறு கதை, வெட்கக் கதை.) உடுக்கடிப்பவர் அதற்கும் ஒரு படி மேலே. உடுக்கின் இடுப்புக் கயிற்றைக் கைக்குள் நெரித்து ஒரே அடிக்குள் சுரத்தை மேலேற்றிக் கீழிறக்குவார். அதன் மீடிறன் எத்தனை என்று கேட்டால், எந்தக் கணத்தில் என்று திருப்பிக் கேட்க வேண்டும். நிலையான எண் ஒன்றும் அந்த வாத்தியத்தில் இல்லை. ஆனால் உரு வரவழைப்பதற்கென்றே நாங்கள் வைத்திருக்கிற வாத்தியம் அதுதான். விரதம், வெயில், கற்பூரப் புகை, மூச்சு வாங்குதல், சுற்றி நிற்கும் சனம், சிறுவயதிலிருந்து 'இந்த இடத்தில், இந்த அடிக்கு, அம்மன் வருவாள்' என்று பார்த்து வளர்ந்த உடல். இவை எல்லாம் கூடி வருவதை ஒரு கோப்பாக்கித் தரவிறக்க முடியாது.

எண்களுக்கு மயங்கும் இன்னொரு கூட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிட்டுப் போகலாம். 432 ஹேர்ட்ஸ் இயற்கையின் சுரம், 440 மனதைக் கெடுக்கும் என்பார்கள். 528 ஹேர்ட்ஸ் மரபணுவைத் திருத்தும் என்பார்கள். 440 என்பது 1939இல் லண்டனில் கூடி, வாத்தியங்கள் ஒன்றோடொன்று இசைய வேண்டும் என்பதற்காக ஒத்துக்கொண்ட ஓர் ஏற்பாடு. ஹேர்ட்ஸ் என்பதே செக்கனுக்கு எத்தனை தடவை என்ற கணக்கு. செக்கனின் நீளத்தை வகுத்தவர்கள் மனிதர்கள். ஒரு நாளின் நீளத்தை வேறுவிதமாகப் பகுத்திருந்தால் அதே சுரத்துக்கு வேறு எண் வந்திருக்கும். எங்கள் இசையிலோ நிலைச்சுரம் என்ற பேச்சே கிடையாது. பாடுபவர் தன் குரலுக்கு ஏற்ற கட்டையை (ஆதாரச் சுருதியை) எடுத்துக்கொள்வார், ஆண் ஒரு கட்டையில் என்றால் பெண் ஐந்து, ஐந்தரைக் கட்டையில். நாதஸ்வரம் அதன் நீளத்துக்கேற்ற கட்டையில் பேசும். இத்தனை நூற்றாண்டாகத் தோடி கேட்டு அழுத சனம் எந்த எண்ணையும் கேட்டு அழவில்லை.

ஒலி மனத்தின் நிலையை மாற்றும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அதற்கு வன்னியைவிடப் பெரிய ஆய்வுகூடம் வேண்டாம். போர்க்காலத்தில் வேவு விமானத்தை நாங்கள் வண்டு என்போம். உயரத்தில், கண்ணுக்குப் படாமல், மணிக்கணக்காக ஒரே சுரத்தில் இரையும். அது இரைந்தால் கொஞ்ச நேரத்தில் கிபிர் குண்டுவீச்சு விமானம் வரும், அல்லது செல் வரும். இப்போது கலியாண வீடுகளில் படம்பிடிக்க டிரோன் பறக்கவிடுகிறார்கள். போன ஆவணியில் ஒரு கலியாணத்தில் அது பந்தலுக்கு மேலே எழும்பியபோது நான் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, சனத்தைப் பார்த்தேன். இளசுகள் கையை ஆட்டிச் சிரித்தார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் கழுத்து ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்துத் திரும்பியது. எனக்கு முன்னால் இருந்த ஒரு தாய், சாப்பிட்டுக்கொண்டிருந்த கையாலேயே மகளின் தோளைப் பிடித்து இழுத்துத் தன் பக்கம் அணைத்தார். பிறகு தன் கையைப் பார்த்து, மகளின் சட்டையில் பட்ட குழம்பைப் பார்த்து, சிரிக்க முயன்றார். அந்த ரீங்காரம் அங்கே இருந்த எல்லாக் காதிலும் ஒரே மீடிறனில்தான் விழுந்தது.

இரவில் யானை வெடி கொளுத்தும் ஊர்களிலும் இப்படித்தான். பயிரைக் காக்கிற வெடி என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் வெடிப்புக்கும் 'யானைதான்' என்று அறிவு வந்து சொல்வதற்கும் இடையில் ஓர் அரைச் செக்கன் இருக்கிறது. அந்த அரைச் செக்கனில் உடல் 2009க்குப் போய்த் திரும்பி வந்துவிடுகிறது.

உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 2010இல் வன்னி மக்களின் கூட்டு மனவடுவைப் பற்றி எழுதியபோது, தனி ஆளின் நோயாக மட்டும் இதைப் பார்க்கக்கூடாது, குடும்பமும் ஊரும் சேர்ந்து நொறுங்கியது என்று எழுதினார். அதற்கு முன்பிருந்தே அவர் வலியுறுத்திய சிகிச்சைகளில், மூச்சுப்பயிற்சியும் சாந்தி ஆசனமும் அவரவர் சமயத்துக்குரிய சொல்லைத் திரும்பத் திரும்ப உச்சரிப்பதும் இடம்பெற்றன. செபம் என்று ஊரில் இருந்ததைத்தான் எடுத்தார். அதில் எத்தனை ஹேர்ட்ஸ் என்று அவர் கேட்கவில்லை. உச்சரிப்பவருக்கு அந்தச் சொல் ஏற்கெனவே யாரோடும் எதனோடும் கட்டுண்டிருக்கிறது என்பதே அங்கே வேலை செய்கிறது என்பது என் எண்ணம். நீண்டு ஒலிக்கும் சொல் மூச்சை வெளியே மெதுவாக விடவைக்கிறது, மூச்சு மெதுவானால் இதயம் தணிகிறது. இதில் மர்மமில்லை.

கடைசி வாங்குக்காரர்களுக்கு நான் அன்று என்ன சொன்னேன் என்று சொல்ல வேண்டும். அடுத்த வகுப்பில் ஆளுக்கொரு முழு இயர்போனோடு வரச் சொன்னேன். இருபது பேர் கொண்ட வகுப்பில் பாதிப் பேருக்கு 200, 206 என்று அடிப்புள்ள ஒலியையும், மீதிப் பேருக்கு இரண்டு காதிலும் 200 என்று அடிப்பே இல்லாத ஒலியையும் கொடுத்தேன். யாருக்கு எது என்று சொல்லவில்லை. பத்து நிமிடம். மனம் அடங்கியதா என்று கேட்டால் இரண்டு பக்கத்திலும் கைகள் உயர்ந்தன, எந்தப் பக்கம் கூடுதல் என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு. இருவர் உறங்கியே போனார்கள். அவர்களில் ஒருவனுக்குக் கொடுத்தது அடிப்பில்லாத ஒலி. இருபது பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் பத்து நிமிடம் கைத்தொலைபேசியை நோண்டாமல் கண்ணை மூடி இருப்பது இவர்களுக்கு எவ்வளவு அரிதான நிலை என்பது அன்று எனக்குத் தெரிந்தது.

அந்த ஒலிப்பதிவை வீட்டுக்குக் கொண்டுபோய் மாமாவிடமும் கொடுத்தேன். மாத்தளனில் செல் விழுந்து வெடித்ததில் அவருடைய வலக்காது போய்விட்டது. இடக்காது கேட்கும், ஆனால் பதினைந்து ஆண்டுக்கு மேலாக அதற்குள் ஓயாத இரைச்சல். ஹெட்போனை மாட்டிச் சற்று நேரம் இருந்தார்.

"என்ன கேட்கிறது, மாமா?"

"ஒரு கூ."

வேறொன்றும் கேட்கச் சாத்தியமில்லை. இரண்டு காது வேண்டிய வித்தைக்கு அவரிடம் இருப்பது ஒன்று. அவரைப்போல ஒரு காதோடு வாழ்கிறவர்கள் எங்கள் பக்கம் ஒழுங்கைக்கு ஒருவராவது இருப்பார்கள்.

ஹெட்போனைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, படுக்கைக்குப் பக்கத்தில் இருந்த பழைய றேடியோவைப் போட்டார். எந்த நிலையமும் பிடிபடாத இடமாகப் பார்த்துத் திருகினார். மழை பெய்வதுபோல ஒரு பரந்த இரைச்சல். அதற்குள் தன் காதிரைச்சல் கரைந்துபோகிறதாம். காதிரைச்சலுக்குச் செவி மருத்துவர்கள் சொல்லும் முறைகளில் இதுவும் ஒன்று. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஒரு மாரியிரவில் கூரையில் மழை கொட்டியபோது நன்றாகத் தூங்கியதை நினைவில் வைத்துத் தானே கண்டுபிடித்தது. சத்தத்தை இன்னும் ஒரு நூல் குறைத்துவிட்டு, கேட்கும் காதை மேலே வைத்துப் படுத்துக்கொண்டார்.